கைப்பையில் ஒரு கத்தி!

"கத்தியா? நம்ம பத்திரிகையிலா?" என்று மூக்கின் மேல் விரல் வைக்காதீர்கள், சகோதரிகளே! கத்தி இல்லாத சமையலறை உண்டா? காலையில் காப்பி குடித்து முடித்த கையோடு நாம் முதலில் தேடுவது அதைத்தானே! ஆனால் இந்த இதழில் நான் பேசப் போவது சமையல் மேடையில் கிடக்கும் கத்தியைப் பற்றி அல்ல. உறையில் போட்டு, கைப்பைக்குள் யாருக்கும் தெரியாமல் வைத்து, தினமும் வெளியே எடுத்துப் போகிற சின்னக் கத்தியைப் பற்றி.

காரணம், திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கும் கடிதம். "என் பெண் சென்னையில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து அறைக்குத் திரும்ப இரவு பதினொரு மணி ஆகிறது. அவள் வந்து சேர்ந்தேன் என்று போன் பண்ணுகிற வரைக்கும் எனக்குக் கண் மூடாது. ஒரு சின்னக் கத்தி வாங்கி அவள் பையில் போட்டு அனுப்பலாம் என்று பார்க்கிறேன். எந்த மாதிரி வாங்கணும் அக்கா? அது தப்பா?" என்று கேட்டிருக்கிறார். ஒரே ஒரு தாய் கேட்ட கேள்வியா இது? நம்மில் எத்தனை பேர் மனசுக்குள் இது ஓடிக் கொண்டிருக்கிறது! அதனால் மழுப்பாமல் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. பெண்கள் கத்தியை உடன் வைத்திருப்பது புதிய சங்கதி இல்லை. நம் பாட்டிமார் இடுப்பில் சுருக்குப் பை தொங்கும். அதற்குள் வெற்றிலை, சுண்ணாம்பு டப்பா, பாக்குவெட்டி எல்லாம் இருக்கும். அறுப்புக்குப் போகிற பெண்கள் கையில் கதிர் அரிவாள் இல்லாமல் போவார்களா? பனை ஏறுகிறவர்கள் பாளை சீவும் அரிவாளை அதற்கென்று உள்ள பெட்டியில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டுதான் மரத்தில் கால் வைப்பார்கள். எல்லாம் வேலைக்கான கத்திகள். வேலை இருந்தது, அதனால் கத்தி இருந்தது.

நம் நாட்டிலேயே தினமும் உடலோடு கத்தி அணிகிற பெண்களும் இருக்கிறார்கள். அமிர்தம் பெற்ற சீக்கியப் பெண்கள். 1699-ல் குரு கோவிந்த் சிங் கால்ஸா அமைப்பை ஏற்படுத்தியதிலிருந்து வருகிற ஐந்து அடையாளங்களில் கிர்பான் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. தோளில் குறுக்காகப் போடும் பட்டையில், உறைக்குள், பெரும்பாலும் உடைக்கு உள்ளேயே இருக்கும். நம் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவே அதை அவர்களுடைய மத உரிமை என்று விளக்கம் சொல்லியிருக்கிறது. கனடாவில் ஒரு சீக்கியப் பையன் பள்ளிக்கூடத்துக்குக் கிர்பான் அணிந்து வரலாமா என்று வழக்கு நடந்து, 2006-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அவனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் எப்படி? மர உறைக்குள் இருக்க வேண்டும். அந்த உறையைக் கெட்டித் துணியில் சுற்றித் தைத்திருக்க வேண்டும். உடைக்கு உள்ளே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு! பார்த்தீர்களா, கத்தியை விட உறையைப் பற்றித்தான் அத்தனை கவலை! அந்த யோசனையை நாமும் மனசில் போட்டுக் கொள்வோம்.

சரி, பாதுகாப்பு விஷயத்துக்கு வருவோம். எங்கள் தெருவில் ஒரு பெண். வேலைக்குப் போகிறவள். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். போன மாதம் வந்து, "பெரியம்மா, ஆன்லைன்ல வாங்கினேன். இதைப் பாருங்க" என்று கைப்பையைத் தட்டிக் காட்டினாள். கறுப்பு நிறக் கத்தியாம், இரண்டு பக்கமும் கூராம்.

"சரிடி கண்ணு, இப்ப நான்தான் திருடன். எடு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மெதுவாக எண்ண ஆரம்பித்தேன். ஜிப்பைத் திறந்தாள். டிபன் டப்பா வந்தது. குடை வந்தது. போன் சார்ஜர் வயர் விரலில் சுற்றிக் கொண்டது. கடைசியில் கத்தி கையில் வந்தபோது நான் பதினேழு எண்ணி முடித்திருந்தேன். அதிலும் உறை கழன்று பைக்குள்ளேயே நின்று விட்டது. வெறும் கத்தியை அலகோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்! நல்ல வேளை, விரல் தப்பியது.

"பதினேழு எண்றதுக்குள்ள நீ எவ்வளவு தூரம் ஓடியிருக்கலாம்?" என்று கேட்டேன். சிரித்து விட்டாள். "வாஸ்தவம்தான் பெரியம்மா. ஆனா கையில ஒண்ணு இருக்குன்னா ஒரு தைரியம் இல்லையா?" என்றாள்.

அந்தத் தைரியம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது, சகோதரிகளே. பையில் கத்தி இருக்கிறது என்ற தெம்பில், வழக்கமாகத் தவிர்க்கிற இருட்டுச் சந்துக்குள் ஒரு நாள் நுழைந்து விடத் தோன்றும். கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டவன் நம்மை விட பலசாலியாக இருந்தால், நாம் எடுத்த கத்தி யார் கையில் போய்ச் சேரும்? பழக்கமில்லாத கை, வியர்வை, பதற்றம்... நம் கத்தி நமக்கே எமனாகி விடக்கூடாது. அதனால் அந்தத் தாய்க்கு நான் சொல்வது இது: பெண்ணின் பாதுகாப்புக்கு என்று கத்தி வாங்காதீர்கள். வேலைக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்து கொள்ளுங்கள். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டமும், 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளும் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கின்றன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்கிற கத்திகளை அவை ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. வீட்டு உபயோகத்துக்கும், விவசாயத்துக்கும், தொழிலுக்கும் என்றே செய்தவை அதில் சேராது. பழம் நறுக்கும் மூன்று அங்குலக் கத்தி ஆயுதப் பட்டியலில் இல்லை என்பது சரி. ஆனால் கலவரம், தடை உத்தரவு என்று இருக்கிற நாட்களில் அதைக்கூட வீட்டில் வைத்து விட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

தன்னைக் காத்துக் கொள்கிற உரிமையைச் சட்டம் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதற்காகவே இருக்கின்றன. மானத்துக்கும் உயிருக்கும் ஆபத்து என்று வரும்போது அந்த உரிமை மிகப் பெரியது. ஆனாலும், காத்துக் கொள்வதற்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று அதே சட்டம் எல்லையும் கட்டியிருக்கிறது. எப்போதும் பையில் ஒரு குத்துக் கத்தி வைத்திருந்தால் போலீஸிலும் கோர்ட்டிலும் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பழக் கத்தி என்றால் அந்தச் சங்கடம் குறைவு.

பெண்ணோ பிள்ளையோ வெளிநாட்டில் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. இங்கிலாந்தில் மடக்குகிற சின்னக் கத்திக்கு, அலகு 3 அங்குலத்துக்குள் இருந்தால் விலக்கு உண்டு. மடக்க முடியாத கத்தி எவ்வளவு சின்னதானாலும், தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தால் குற்றம். "என் பாதுகாப்புக்கு" என்பதைத் தகுந்த காரணமாக அங்கே ஏற்பதில்லை. சிங்கப்பூரிலும் காரணமில்லாமல் கத்தியோடு நடமாடக் கூடாது. "அம்மா கொடுத்து அனுப்பினாங்க" என்று சொல்லி அங்கே தப்ப முடியாது!

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் கத்தியே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். என் பையில் பல வருஷமாக ஒரு சின்னக் கத்தி உண்டு. ரயிலில் கொய்யாப் பழம் நறுக்க, மூட்டையின் சணல் கயிற்றை வெட்ட, மருந்துப் பாக்கெட்டைப் பிரிக்க, கோயிலுக்கு வாங்கிய பூச்சரத்தைத் துண்டாக்க... ஒரு நாளாவது அது சும்மா இருந்ததில்லை. ஒரு தடவை அதை விடப் பெரிய காரியத்துக்கும் உதவியது. பஸ் நிறுத்தத்தில் நின்று கொண்டிருந்தேன். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்த ஒரு பெண்ணின் துப்பட்டா சக்கரத்தில் சிக்கி, கழுத்தைச் சுற்றி இறுகி விட்டது. வண்டியை நிறுத்தி விட்டார்கள், ஆனால் முடிச்சு அவிழவில்லை. அந்தப் பெண் மூச்சுக்குத் திணறுகிறாள். கத்தியை எடுத்து, கழுத்துப் பக்கம் போகாமல், சக்கரத்துக்கு அருகில் துணியை இழுத்துப் பிடித்து, கூரான பக்கம் வெளியே பார்க்கும்படி வைத்து அறுத்தேன். இரண்டு இழுப்பில் விட்டது. என் கத்தியின் நுனி மழுங்கலானது என்பதால்தான் அந்த அவசரத்தில் அவ்வளவு துணிச்சலாக அதை நீட்ட முடிந்தது. துப்பட்டாவும் முந்தானையும் போட்டு வண்டியில் ஏறுகிறவர்கள் இரண்டு முனையையும் இழுத்துச் செருகிக் கொண்டு ஏறுங்கள் என்று இந்த இடத்திலேயே சொல்லி விடுகிறேன்.

இனி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

மடக்குக் கத்தியா, மடக்காததா? என் ஓட்டு மடக்காததற்கே. மூட்டு கிடையாது, அதனால் அழுத்தி நறுக்கும்போது திடீரென்று மடங்கி விரலை வெட்டாது. பழச்சாறும் அழுக்கும் போய்த் தங்க இடுக்கும் இல்லை. கழுவித் துடைத்தால் முடிந்தது. ஆனால் உறை நன்றாக இருந்தால்தான் இத்தனை பெருமையும்.

அளவு. அலகு இரண்டரையிலிருந்து மூன்று அங்குலம் போதும். பிடி உள்ளங்கை முழுவதும் நிரம்புகிற மாதிரி இருக்கட்டும். பிடி குட்டையாக இருந்தால் சுண்டு விரல் வெளியே தொங்கும், கத்தி கையில் சுழலும். ஒரு பக்கம் மட்டும் கூர் இருக்கட்டும். இரண்டு பக்கமும் கூர் உள்ளது குத்துவதற்கென்றே செய்தது. முதுகில் கட்டை விரலை வைத்து அழுத்தக்கூட முடியாது. நுனி ஊசி மாதிரி இல்லாமல், முதுகுப் பக்கத்திலிருந்து வளைந்து இறங்கினதாக இருந்தால் பையையும் குத்தாது, நம்மையும் குத்தாது.

பிடி. அலகின் இரும்பு பிடிக்குள் கடைசி வரை போயிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் மரமோ பிளாஸ்டிக்கோ வைத்து ஆணி அடித்திருந்தால் இரும்பின் விளிம்பு கண்ணுக்கே தெரியும். பாதி வரை மட்டும் செருகி ஒட்டினது, கடினமான பழத்தைப் பிளக்கும்போது கழன்று வரும். கடையிலேயே கையைத் தண்ணீரில் நனைத்துப் பிடித்துப் பாருங்கள். வழுக்கினால் வேண்டாம். விரல் அலகுப் பக்கம் நழுவாமல் இருக்க, பிடி முடிகிற இடத்தில் ஒரு சின்ன மேடு இருந்தால் விசேஷம்.

இரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? கொல்லுப் பட்டறையில் அடித்த இரும்புக் கத்திக்குக் கூர் பிரமாதமாக ஏறும், வீட்டுச் சாணைக் கல்லிலேயே தீட்டிக் கொள்ளலாம். ஆனால் ஈரம் ஆகாது. எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் கறுத்துப் போகும். அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை. செம்மண் நிறத்தில் வருகிற துருதான் கெடுதல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது பத்தரை சதவிகிதமாவது குரோமியம் கலந்திருப்பதால் சுலபத்தில் துருப்பிடிக்காது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடற்காற்று அடிக்கிற ஊர்க்காரர்களுக்கும், பைக்குள்ளேயே போட்டு மறந்து விடுகிறவர்களுக்கும் அதுவே சௌகரியம். "துருவே பிடிக்காது" என்று நினைத்து ஈரத்தோடு உறையில் செருகி வைத்தால் அதிலும் புள்ளி விழும்.

உறை. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கத்தியை நாலு தடவை திருப்பிப் பார்க்கிறவர்கள் உறையைப் பார்ப்பதே இல்லை. தோல் உறை என்றால், தையலுக்கு உள்பக்கமாக இன்னொரு தோல் பட்டை வைத்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் அலகு போய் வரப் போய் வர நூலை அறுத்து விடும். பிறகு ஒரு நாள் கத்தி பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக் கொள்ளும். அதைப் பதப்படுத்தின சரக்கும் இரும்பை அரிக்கும். அதனால் மாதக் கணக்கில் தோல் உறையிலேயே கத்தியைக் குடியிருக்க விடாதீர்கள். சூட்டில் இளக்கி, கத்தியின் உருவத்துக்கே அச்சாக அமுக்கிச் செய்த கெட்டிப் பிளாஸ்டிக் உறைகளும் வருகின்றன. கழுவலாம், நுனியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும், கத்தி 'டக்'கென்று பொருந்தி நிற்கும். பையில் வைப்பதற்கு எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அட்டை உறை, துணி உறை எல்லாம் கடையிலிருந்து வீடு வரைக்கும்தான்.

உறைக்கு மூன்று பரீட்சை வையுங்கள். ஒன்று, கீழே மெத்தை விரித்து, உறையைத் தலைகீழாகப் பிடித்துப் பலமாக உதறுங்கள். கத்தி நழுவக் கூடாது. இரண்டு, உறையோடு சேர்த்து நுனிப் பக்கம் அழுத்திப் பாருங்கள். நுனி வெளியே வரக்கூடாது. மூன்று, திரும்பச் செருகும்போது கண்ணால் பார்த்து, உறையைப் பிடித்த விரல்கள் வாய்ப்பக்கத்தில் இல்லாமல் செருக முடிகிறதா என்று பாருங்கள். எடுக்கும்போது ஏற்படுவதை விடத் திரும்ப வைக்கும்போதுதான் விரல் சுலபமாக வெட்டுப்படும்.

எங்கே வைப்பது? பைக்குள் தனி ஜிப் அறை. போன், சீப்பு, சாவி எதுவும் அதோடு சேரக் கூடாது. புடவை இடுப்பில் செருகிக் கொள்ளாதீர்கள். குனிந்தால், உட்கார்ந்தால், விழுந்தால் வயிற்றில் குத்தும். வீட்டுக்கு வந்ததும் பையை நாற்காலியில் போடாமல் உயரத்தில் மாட்டுங்கள். பாட்டி பையில் மிட்டாய் தேடுகிற பேரக் குழந்தை கைக்குக் கத்தி கிடைத்தால் என்ன ஆகும்! யார் கண்ணிலிருந்து ஒளிக்கிறோமோ இல்லையோ, குழந்தை கண்ணிலிருந்து ஒளித்தே தீர வேண்டும். ஆனால் பரிசோதனை செய்கிற போலீஸ்காரரிடம் ஒளிக்காதீர்கள். "பழம் நறுக்கும் கத்தி ஐயா" என்று முதலிலேயே எடுத்துச் சொல்லி விடுங்கள். விமானத்தில் ஏறுவதானால் கையோடு கொண்டு போகிற பையில் கூடவே கூடாது. சரக்கில் போடும் பெட்டியில்தான். மெட்ரோ ரயில், கோர்ட், பெரிய கடைகள் எல்லாவற்றிலும் பையைச் சோதிக்கிறார்கள். தினமும் மெட்ரோவில் போகிற பெண்ணுக்குக் கத்தியால் பிரயோசனமே இல்லை என்று இதிலிருந்தே தெரிகிறதல்லவா?

வெட்டுப் பட்டால்? குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் "நின்னுடுச்சா" என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. காப்பிப் பொடி, சுண்ணாம்பு, சர்க்கரை எதையும் அப்பாதீர்கள். ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மரத்துப் போனாலோ, மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. நரம்போ தசைநாரோ அறுபட்டிருக்கலாம். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் தனுர்வாத ஊசியையும் கேட்டுப் போட்டுக் கொள்ளுங்கள். கை தவறிக் கத்தி விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள். காலை நகர்த்திக் கொண்டு விழ விடுங்கள். போனால் கத்தியின் நுனிதானே போகும்!

திருப்பூர்ச் சகோதரிக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் பயம் நியாயமானது. அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. உங்கள் பெண்ணின் பையில் கத்திக்குப் பதிலாக இவற்றை வையுங்கள்: கையில் எடுத்தவுடன் ஒலிக்கிற ஒரு விசில், கழுத்திலோ சாவிக் கொத்திலோ அதை மாட்டியிருக்கட்டும். போனில் 112-ம், தமிழ்நாட்டில் பெண்களுக்கான 181-ம் மனப்பாடமாக இருக்கட்டும். பல போன்களில் பவர் பொத்தானை அடுத்தடுத்து அழுத்தினால் அவசர அழைப்பு போகும். அவள் போனில் அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கற்றுக் கொள்ளட்டும். இரவு வேலைக்கு வீடு வரை வண்டி அனுப்பச் சொல்லி அலுவலகத்தில் கேட்கட்டும். கூட வேலை செய்கிற பெண்களும் சேர்ந்து கேட்டால் குரலுக்குப் பலம் வரும். பதினொரு மணிக்கு நடக்கிற பாதையில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

எங்கள் தெருப் பெண் அந்த இரண்டு பக்கக் கூர்க் கத்தியைத் திருப்பி அனுப்பி விட்டாள். பிறகு, "பெரியம்மா, உங்களுது மாதிரி மொட்டை நுனிக் கத்தி ஒண்ணு வாங்கிக் கொடுங்க. மத்தியானம் ஆபீஸ்ல மாம்பழம் சாப்பிடணும்" என்றாள். வாங்கிக் கொடுத்தேன், உறையை மூன்று தடவை உதறிப் பார்த்து விட்டுத்தான்!

அடுத்த இதழில், வீட்டிலேயே சாணைக் கல்லில் கத்தி தீட்டுவது எப்படி என்று பார்ப்போம். அதுவரை, மொக்கைக் கத்தியோடு மல்லுக் கட்டாதீர்கள். கூரில்லாத கத்திக்குத்தான் அதிகம் அழுத்த வேண்டும், அழுத்தினால்தான் வழுக்கும்!